பிராகில் வாங்கிய பெயர்நாள் நாட்காட்டி

செக் நாட்டின் தலைநகரான பிராகில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே, வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் 119 கொருனா கொடுத்து இந்த மேசை நாட்காட்டியை வாங்கினேன். வாரத்துக்கு ஒரு தாள், கூடாரம் போல நிற்கும் அட்டை, மேலே சுருள் கம்பி. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் இருக்கும். மார்ச் 19 யோசெஃப், மே 7 ஸ்டானிஸ்லாவ், டிசம்பர் 24 ஆதாமும் ஏவாளும். அந்தப் பெயர்க்காரருக்கு அன்றைக்குப் பெயர்நாள். வாழ்த்துச் சொல்லி, பூவோ சாக்லேட்டோ கொடுப்பார்கள். நம் வீட்டில் காலையில் தினசரி காலண்டரைக் கிழித்து ராகு காலம் பார்ப்பார்களே, அதுபோல இங்கே அலுவலகம் வந்ததும் இன்று யார் பெயர் என்று பார்க்கிறேன்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த தாள் செப்டம்பர் 28 இருக்கும் தாள். அன்றைய பெயர் வாத்ஸ்லாவ். என் பக்கத்து மேசைக்காரரின் பெயரும் அதுதான். தேதி சிவப்பில் அச்சாகியிருக்கும், ஏனென்றால் பொஹீமியாவை (இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி) ஆண்ட புனித வாத்ஸ்லாவ் பத்தாம் நூற்றாண்டில் ஸ்டாரா போலெஸ்லாவ் என்ற ஊரில் கொல்லப்பட்ட நாள் அது. 2000 முதல் அது நாடு முழுக்க அரசு விடுமுறை.

'அதிகம்' என்ற பழைய சொல்லும் 'ஸ்லாவா', அதாவது புகழ் என்ற சொல்லும் சேர்ந்த பெயர் இது: பெரும்புகழ் கொண்டவன். அந்த முதல் பாதி இன்றைய செக் மொழியில் 'வீட்ஸெ' என்று உயிரோடு இருக்கிறது. 'இன்னும் அதிகம்' என்று பொருள். 'ஸ்லாவா'வின் வேரும் நாம் சொல்லும் 'சிரவணம்' என்ற வடசொல்லின் வேரும் ஒன்றே: கேட்பது. நாலு பேர் காதில் விழுவதுதானே புகழ்!

அப்புறம் அதே மாதம் 6ஆம் தேதியைப் பாருங்கள், போலெஸ்லாவ் என்றிருக்கும். புனிதரைக் கொன்ற தம்பியின் பெயரும் போலெஸ்லாவ்தான். அதில் வரும் 'போலெ'வுக்கும் அதிகம் என்றே பொருள். கொல்லப்பட்ட அண்ணனுக்கும் கொன்ற தம்பிக்கும் பெற்றோர் வைத்தது ஒரே பொருளுள்ள பெயர். இது தெரிந்த அன்று எனக்கு மனசே சரியில்லை.

இந்த விவரம் எதுவும் நாட்காட்டியில் கிடையாது, நானாகத் தேடிப் படித்தேன். முதல் குறை இதுதான்: பெயர் மட்டும் இருக்கிறது, பொருளோ அதன் மற்ற வடிவங்களோ இல்லை. இதே பெயர் ரஷ்யாவில் வியாச்செஸ்லாவ், போலந்தில் வட்ஸ்வாவ், ஜெர்மனில் வென்ட்ஸெல், ஹங்கேரியில் வென்ட்ஸெல். லத்தீனிலும் 'ன்' ஒலி உண்டு. பழைய ஸ்லாவிய மொழியில் முதல் உயிரெழுத்து மூக்கொலியாக இருந்தது. அயலார் காதில் அது 'ன்' என்று தங்கிவிட்டது, செக்காரர்கள் பேச்சில் மறைந்துவிட்டது.

இரண்டாவது குறை, கூப்பிடும் வடிவம் இல்லாதது. செக் மொழியில் நம்மைப் போலவே விளி வேற்றுமை உண்டு. ஆளைக் கூப்பிடும்போது 'வாத்ஸ்லாவே' என்று சொல்ல வேண்டும், 'முருகனே' என்பதுபோல. செல்லப்பெயர் வஷெக், கூப்பிட்டால் 'வஷ்கு'. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குப் பெயருக்கடியில் பொடி எழுத்தில் இதைப் போட்டிருந்தால் எவ்வளவு உதவியாக இருக்கும்! நான் என் பக்கத்து மேசைக்காரரை ஐந்து மாதம் வெறும் 'வாத்ஸ்லாவ்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவரும் திருத்தவில்லை.

தாள் மெல்லிசு. ஜெல் பேனாவில் எழுதினால் அடுத்த வாரத்துக்கு ஊறிவிடுகிறது, பென்சில்தான் சரி. கம்பி நல்ல உறுதி. ஒன்பது மாதம் புரட்டியும் ஒரு தாள்கூடக் கழன்று வரவில்லை.

வாங்குபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: செப்டம்பர் 28 அன்று 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் சட்டப்படி மூடியிருக்கும், அலுவலகமும் இருக்காது. அதனால் 27ஆம் தேதிக் கட்டத்தில் 'சாக்லேட்' என்று முன்கூட்டியே குறித்து வைத்தேன். அன்று மாலை அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது 'வஷ்கு' என்று கூப்பிட்டேன். சட்டென்று திரும்பிப் பார்த்தார்.