பி.எச்.பி.யின் செட்குக்கி: சிறு கடைத் தளத்துக்குத் தாங்குமா?

மார்த்தாண்டம் தேன், நாகர்கோவில் நேந்திரம் சிப்ஸ் விற்கும் சின்னக் கடைகளின் தளத்துக்கு, சர்வரில் ஓடும் நிரல்மொழியான பி.எச்.பி. தாராளமாகப் போதும். அதில் குக்கியை (பிரவுசர் சேமித்துவைக்கும் சிறு தகவலை) அனுப்பும் செட்குக்கி ஃபங்ஷனும் நம்பி எடுக்கக்கூடியதுதான். இயல்பு அமைப்புகளை அப்படியே விட்டால் மட்டும் கையைச் சுடும்.

சர்வர் தன் பதிலின் ஹெட்டரில், அதாவது பக்கத்துக்கு முன்னால் போகும் குறிப்புப் பகுதியில், குக்கியை ஒரு வரியாக அனுப்பும். பிரவுசர் அதைச் சேமித்து, அடுத்த கோரிக்கையிலிருந்து திருப்பித் தரும். ஹெட்டர் என்பதால் பக்கத்தின் முதல் எழுத்து வெளியேறும் முன்பே செட்குக்கியை அழைத்தாக வேண்டும். ஃபைலின் தலையில் ஒரு வெற்று வரியோ, சில எடிட்டர்கள் சேர்த்துவிடும், கண்ணுக்குத் தெரியாத பி.ஓ.எம். குறியோ இருந்தாலே குக்கி போகாது. சொந்தக் கணினியில், வெளியீட்டைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும் அவுட்புட் பஃபரிங் இருந்தால் இந்தத் தவறு வெளியே தெரியாது. ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் எச்சரிக்கை வரும்.

கூடை முழுவதையும் குக்கியில் திணிக்காதீர்கள். ஒரு குக்கிக்குச் சுமார் 4096 பைட்தான். 'தேன்' என்ற சொல், எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் 12 பைட். செட்குக்கி அந்த ஒவ்வொரு பைட்டையும் மூன்று எழுத்தாகக் குறியாக்கம் செய்து அனுப்பும்போது அது 36 ஆகிவிடும். விலையை அதில் வைப்பது அதைவிட ஆபத்து. 450 ரூபாயை வாங்குபவரே பிரவுசரில் 45 ஆக்கிவிடலாம். கூடையும் விலையும் சர்வரிலேயே இருக்கட்டும்; அவற்றைச் சுட்டும் செஷன் எண்ணை மட்டும் குக்கியில் கொடுங்கள். கோயில் வாசலில் டோக்கன் நம் கையில், செருப்பு அவர்களிடம், அதே முறைதான். லாகின் ஆனதும் அந்த எண்ணை மாற்றிவிடுவது கட்டாயம்.

குக்கி தளத்தின் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்ற பாதையைக் குறிப்பிடாவிட்டால், ஒரு ஃபோல்டரில் வைத்த குக்கி முகப்புப் பக்கத்தில் கிடைக்காது. சாய்கோடு (/) ஒன்றைக் கொடுத்தால் தளம் முழுக்கச் செல்லும். அழிக்கும்போதும் அதே பாதை, அதே டொமைன் வேண்டும். இல்லையென்றால் லாக்அவுட் அழுத்திய பிறகும் குக்கி அப்படியே கிடக்கும்.

குக்கியை மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் அனுப்பச் சொல்லும் செக்யூர், பக்கத்திலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்காமல் தடுக்கும் எச்.டி.டி.பி.ஒன்லி இரண்டும் இயல்பில் அணைந்தே இருக்கும். இது எங்களுக்குப் பெரிய குறையாகவே படுகிறது. இரண்டையும் நீங்களே போட வேண்டும். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைகளோடு குக்கி போகலாமா என்று சொல்லும் சேம்சைட்டை நேரடியாகக் கொடுக்கும் வசதி பி.எச்.பி. 7.3 பதிப்பிலிருந்து உண்டு, அதற்கு லாக்ஸ் என்ற மதிப்பை வையுங்கள்.

லாக்ஸ் வைத்தால் ஒரு சிக்கல் வரும். பணம் வாங்கித் தரும் வெளித்தளமான பேமென்ட் கேட்வே, வாங்குபவரைப் போஸ்ட் முறையில் (படிவம் அனுப்புவது போல) நம் தளத்துக்குத் திருப்பும்போது பிரவுசர் குக்கியைத் தராது. அந்தப் பக்கத்தில் செஷனைத் தொடங்கினால் புது எண் பழையதை அழித்துவிடும். பணம் கட்டியவருக்குக் கூடையும் போகும், லாகினும் போகும். அங்கே செஷனைத் தொடாமல், ஆர்டர் எண்ணையும் கேட்வேயின் கையொப்பத்தையும் சரிபார்த்துப் பதிந்துவிட்டு, கெட் முறையில் (சாதாரண இணைப்பைத் திறப்பது போல) ரசீதுப் பக்கத்துக்கு அனுப்புங்கள். பழைய குக்கி அங்கே தானாக வந்து சேரும்.