வட்டவடை ஈரத்துக்கு ஈடு கொடுக்கும் செடி பிரஸ்

செடிகளைத் தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைக்க, போடியில் ஒரு தச்சரிடம் அளவு சொல்லிச் செய்து வாங்கிய பிரஸ் இது. மெல்லிய ரீப்பர் மரப்பட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இடைவெளி விட்டு அடித்த இரண்டு சட்டங்கள், 12க்கு 18 அங்குலம். காய்ந்த செடியை ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியம் ஷீட் 28க்கு 42 செ.மீ. இருக்கும், அதில் ஒட்டவேண்டிய செடிக்கு இந்த அளவு சரி.

அந்த இடைவெளிதான் இதன் உயிர். கல்லூரியில் கொடுத்த பிளைவுட் பலகை பிரஸ்ஸில் காற்றே போகாது. மூணாறு பக்கத்து மலையூரான வட்டவடையின் பனியில் அதில் வைத்த புல்லெல்லாம் பூஞ்சை பிடித்தது. இதில் செய்தித்தாள், ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர், நடுநடுவே நெளி அட்டை என்று அடுக்கிக் கட்டி, அடுப்படிச் சூடு படும் இடத்தில் நிறுத்தி வைக்கிறேன். முதல் சில நாள் தினமும் தாளை மாற்றினால் போதும், இலை பச்சை வாடாமல் காய்கிறது.

காசித்தும்பைக்கு மட்டும் எந்த பிரஸ்ஸும் ஆகாது. தண்டில் அத்தனை நீர். பூ தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் பூவின் வால் எப்படி வளைகிறது, இதழ் எப்படிப் பிரிகிறது என்பதை வைத்துத்தான் இனத்தையே சொல்ல முடியும். அதனால் இரண்டு பூவைத் தனியாக ஸ்பிரிட்டில் போட்டுவிடுகிறேன். பூவின் நிறத்தையும் அங்கேயே எழுதிவிட வேண்டும், காய்ந்தால் நிறம் போய்விடும்.

ஒரு குறை, பிரஸ்ஸை இறுக்கிக் கட்டும் பெல்ட். பக்கிள் வழுக்குகிறது. செடி காய்ந்து அடுக்கு இறங்கும்போது இறுக்க முடியாவிட்டால் இலை சுருங்கிவிடும். பை தைப்பவரிடம் கித்தான் பட்டை தைத்து மாட்டிக்கொண்டேன்.

போட்டோ போதாதா என்று ஊரில் கேட்கிறார்கள். போதாது. இந்த வட்டவடைப் பக்கத்தில் குறிஞ்சிமலை சரணாலயம் என்று 2006இல் 3,200 ஹெக்டேருக்கு அறிவிப்பு வந்தது. எது பட்டா, எது காடு என்ற வழக்கு அப்புறம் பல வருஷம் இழுத்தது. பூண்டு வயலுக்கும் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் தோப்புக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் புல்வெளியில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், இடமும் தேதியும் உயரமும் எழுதிய காய்ந்த செடி ஒன்று கையில் இருக்க வேண்டும். புல் வகைகளைப் போட்டோவில் பிரிப்பது பெரும்பாடு. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்தது, இனி 2030இல்தான். பூ இல்லாத வருஷத்தில் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு, பூத்தபோது எடுத்து வைத்த காய்ந்த செடிதான் துணை.

காட்டுக்குள் பறிக்க வனத்துறை அனுமதிக் கடிதம் கட்டாயம். அதை வாங்கிய பிறகு பிரஸ்ஸுக்கு ஆர்டர் கொடுங்கள். தச்சரிடம் சொல்லும்போது ஆணிக்குப் பதில் ஸ்குரூ போடச் சொல்லுங்கள். ஈரத்தில் ரீப்பர் விரிந்து சுருங்கும்போது ஆணி கழன்று வருகிறது.