ஒரதூரா, ஃப்ளெரியா?

பிரான்சில் போரில் அழிந்த கிராமங்களில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ஒரதூர்-சுர்-கிளானுக்குப் போங்கள். 1944 ஜூன் 10 அன்று நாஜி எஸ்.எஸ். படை ஒரே பிற்பகலில் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஊர் இது, ஆண்களைக் களஞ்சியங்களில் சுட்டார்கள், பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீ வைத்தார்கள். இடிபாடுகளைத் தொடாமல் விட்டுவிட்டு பக்கத்திலேயே புது ஊர் கட்டினார்கள். கூரையில்லாத வீட்டுக்குள் துருப்பிடித்த தையல் மெஷின், தெருவில் டிராம் தண்டவாளம், எல்லாம் அப்படியே கிடக்கின்றன.

வெர்டன் அருகிலுள்ள ஃப்ளெரியில் சுவர்கூட இல்லை. முதல் உலகப் போரின் 1916 சண்டையில் கை மாறி மாறி, பீரங்கிக் குண்டுகளால் தரைமட்டமான ஊர். குண்டுக் குழிகள்மேல் புல் மூடியிருக்கிறது, இங்கே பேக்கரி இருந்தது, இங்கே பள்ளிக்கூடம் இருந்தது என்று சின்னச் சின்னக் கம்பங்கள்தான் சொல்கின்றன, அப்புறம் ஒரு சிறு தேவாலயம். குடியிருப்பவர் ஒருவரும் இல்லை, ஆனாலும் மேயர் உண்டு, தேர்தலில்லாமல் அரசே நியமிக்கிறது! அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஃப்ளெரியில் வரலாறு தெரிந்து போனால்தான் மனசைத் தொடும். ஒரதூருக்கு முன்னறிவு தேவையில்லை. தவிர, அந்தச் சுவர்கள் மழையில் கரைந்துகொண்டே வருகின்றன, தள்ளிப்போடாதீர்கள்.