டிவி கேமா, டேப்ரிக்கார்டரா, வால்வு ரேடியோவா? கொங்குப் பக்கம் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்

பழைய எலக்ட்ரானிக் சாமான் சேர்க்க ஆசைப்படும் பலர், வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஜப்பானிலிருந்து கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வரவழைத்துத்தான் தொடங்குகிறார்கள். நல்ல சாமான்தான். ஆனால் கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் பக்கம் இருக்கிறவர்களுக்கு அதைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று வழிகள் உண்டு: தொண்ணூறுகளில் டிவியில் சொருகி விளையாடிய கேம் பெட்டி, கேசட் போடும் டேப்ரிக்கார்டர், கண்ணாடிக் குழல் வால்வுகளில் ஓடும் தாத்தா காலத்து வால்வு ரேடியோ. மூன்றும் பரணிலோ பழைய இரும்புக் கடையிலோ இன்னும் கிடக்கின்றன.

மூன்றிலும் நான் பார்ப்பது இரண்டே விஷயம். கெட்டுப்போனால் நம்மூரில் சரி செய்ய ஆள் உண்டா? அது அழிந்தால் அதோடு சேர்ந்து வேறு என்ன அழியும்?

சேர்த்து வைப்பதற்கு நம் பக்கம் நல்ல இடம். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சர்க்யூட் போர்டையும் ஸ்க்ரூவையும் அரித்துவிடும். இங்கே, மலையின் மழை மறைவில், காற்று பெரும்பாலும் வறண்டது. பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம்தான் ஈரத்துக்குப் பயப்பட வேண்டும். மற்ற ஊர்களில் எதிரி தூசி. ஆடிக்காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக அள்ளிக்கொண்டு வருவதும், மில் ஊர்களில் மிதக்கும் பஞ்சும் எந்தப் பெட்டிக்குள்ளும் போய்விடும். துணி போட்டு மூடாமல் எதையும் வைக்காதீர்கள்.

டிவி கேம்

நாம் விளையாடிய பெட்டிகளுக்கு மூலம், ஜப்பான் நிறுவனமான நின்டெண்டோவின் ஃபேமிகாம். 1983ல் ஜப்பானில் வந்தது. நம் வீடுகளுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள். ஃபேமிகாமின் அதே 60 பின் சொருகி, அதே மரியோ, அதே கான்ட்ரா, மேலே ‘9999999 இன் 1’ என்று ஒட்டிய மஞ்சள் கேசட். கடையிலும் கேசட் என்றுதான் கேட்போம்.

நகல்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். திறந்து பாருங்கள், எல்லா நகலும் ஒன்றில்லை. முன்னால் வந்த பெட்டிகளில் 40 கால் ஐசி (சில்லு) இரண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒன்று கணக்குப் போடுவது, இன்னொன்று படம் வரைவது. 6527, 6538 என்று மேலே அச்சிட்டிருந்தால் தைவானின் யுஎம்சி செய்தவை. அதில் ஒன்று போனால், இன்னொரு பழுதான பெட்டியிலிருந்து கழற்றி மாற்றலாம். பிற்காலத்துப் பெட்டிகளில் எல்லாமே ஒரே சில்லில் அடங்கி, போர்டு நடுவே கறுப்பாக ஒரு சொட்டு மட்டும் இருக்கும். அந்தச் சொட்டுக்குள் ஏதாவது போனால் கதை முடிந்தது. எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வாங்கும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு போங்கள். இரண்டு ஐசி போர்டு என்றால் பெட்டி உடைந்திருந்தாலும் எடுங்கள். சொட்டுப் போர்டு என்றால் நன்றாக ஓடினால் மட்டும் எடுங்கள்.

ஓடாத பெட்டிகளில் பெரும்பாலும் கோளாறு சின்னதாகத்தான் இருக்கும். 9 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் 7805 ரெகுலேட்டர் போயிருக்கும். எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அடாப்டரில் நடுப்பின் பாசிட்டிவா நெகட்டிவா என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் சொருகக் கூடாது. கேசட்டை ஊதிப் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வாயிலிருந்து போகும் ஈரம் நாளடைவில் அந்தச் செம்புப் பட்டைகளைக் கறுக்க வைக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே போதும்.

அப்புறம் டிவி. இந்தப் பெட்டியைப் புது எல்இடி டிவியில் மாட்டினால் படம் வரும், ஆனால் பட்டனை அழுத்துவதற்கும் மரியோ குதிப்பதற்கும் இடையே ஒரு இழுவை இருக்கும். துப்பாக்கி வைத்து வாத்து சுடும் விளையாட்டு சுத்தமாக வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் குறி தப்பவில்லை என்று பொருள். பிக்சர் ட்யூப் டிவி கோடு கோடாக வரையும் நேரத்தை நம்பித்தான் அந்தக் கணக்கே. புது டிவியின் தாமதத்தில் அது தவறிவிடுகிறது.

இதற்கான தீர்வு தமிழ்நாட்டில் மூலைக்கு மூலை கிடக்கிறது. 2006ல் தொடங்கி அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி. ஒரு கோடிக்கும் மேல் வீடுகளுக்குப் போனது. டிவி கேமுக்கு இதைவிடப் பொருத்தமான திரை எனக்குத் தெரியாது: அளவு சின்னது, எடை குறைவு, படம் கூர்மை. இன்று அதை எடைக்குப் போடுகிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் ட்யூப் டிவிக்கு அலைகிறார்கள், நாம் உடைத்துச் செம்பு எடுக்கிறோம். இதைப் பார்க்கையில் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்றையாவது எடுத்து வையுங்கள். பின்னால் ஏவி சொருகி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆன்டெனா வழியாக ட்யூன் செய்துகொள்ளலாம். ஒரே எச்சரிக்கை: மூடியைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதற்கு டிவி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

சிலர், போனிலேயே எமுலேட்டரில், அதாவது பழைய பெட்டி மாதிரியே நடிக்கும் ஆப்பில், எல்லா கேமும் ஓடுகிறதே, பெட்டி எதற்கு என்பார்கள். நியாயமான கேள்விதான், விளையாட்டு மட்டும் போதும் என்றால் அதுவே போதும். ஆனால் ஒரு வித்தியாசம் பலருக்குத் தெரியாது. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் நொடிக்கு 60 படம் காட்டும். நம்மூரில் விற்ற பெட்டிகளில் பல, நம் டிவி முறைக்கேற்ப 50. அதனால் அதே மரியோ நம்மிடம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார், இசையும் அதற்கேற்ப நிதானமாக வந்தது. எமுலேட்டரில் இன்று விளையாடும்போது ‘என்னமோ அவசரமா போகுதே’ என்று தோன்றினால் காரணம் இதுதான். நம் நினைவில் இருக்கும் வேகம் அந்தப் பெட்டியிலும் அந்த டிவியிலும்தான் இருக்கிறது. காசு செலவழித்து ஜப்பான் ஒரிஜினல் வாங்கினாலும் அது வராது. அதனால் ஒரிஜினலா, நகலா, எமுலேட்டரா என்று கேட்டால் கொங்குக்காரருக்கு நான் சொல்வது இரண்டு ஐசி நகல்தான்.

கைக்குள் அடங்கும் பிரிக் கேம் பற்றி ஒரு வார்த்தை. திரையில் கோடு விட்டுப்போயிருந்தால் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் பட்டையை ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள், பாதி உயிர் பிழைக்கும். உள்ளே இருப்பது அதே கறுப்புச் சொட்டுதான். மலிவாகக் கிடைத்தால் வாங்கி வைக்கலாம், தேடி அலைய வேண்டாம். பட்டன் போன்களும் அப்படியே.

டேப்ரிக்கார்டர்

அழகிலும் விளையாட்டிலும் டேப்ரிக்கார்டர் மற்ற இரண்டிடமும் தோற்கும். ஆனாலும் முதலில் எடுக்க வேண்டியது இதுதான் என்பேன்.

மரியோ எங்கும் போய்விட மாட்டார். உலகம் முழுக்கப் பிரதி இருக்கிறது. நம் வீட்டுக் கேசட்டில் இருப்பதற்குப் பிரதி கிடையாது. பிலிப்ஸ் 1963ல் கொண்டுவந்த அந்தச் சின்னக் கேசட் வந்தபிறகுதான் சாதாரண வீட்டில் யார் வேண்டுமானாலும் குரலைப் பதிவு செய்ய முடிந்தது. கல்யாணச் சீர், காதுகுத்து, அமுச்சி பாடிய தாலாட்டு, வெளிநாட்டிலிருந்த மகன் கடிதத்துக்குப் பதிலாக அனுப்பிய பேச்சு, கோயில் நோம்பியில் விடிய விடியப் பாடிய உடுக்கைப் பாட்டு, எல்லாம் சினிமாப் பாட்டுக் கேசட்டின் மேலேயே பதிந்து கிடக்கும். மேலட்டையை நம்பாதீர்கள்.

இதன் மதிப்புக்கு நம் மண்ணிலேயே ஒரு சாட்சி உண்டு. மானுடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, பாட்டுக்காரர்கள் இரவு இரவாகச் சொன்ன அண்ணன்மார் கதையை, அதாவது பொன்னர் சங்கர் கதையை, டேப்பில் பதிந்தார். அந்தப் பதிவு இருந்ததால்தான் பொன்னர் சங்கர் கதையை அன்றைக்கு எப்படிச் சொன்னார்கள் என்று இன்றும் கேட்க முடிகிறது. எத்தனை ஊரில் எத்தனை உடுக்கைக்காரர்கள் பாடி ஓய்ந்துவிட்டார்கள். அவர்களில் யாருடைய குரல் எந்த வீட்டுப் பீரோவில் இருக்கிறதோ!

பழுது பார்ப்பதும் கடினமில்லை. பல வருடம் சும்மா இருந்த டேப்ரிக்கார்டரில் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும். சுரண்டித் துடைத்து அளவு பார்த்துப் புதுப் பெல்ட் போட வேண்டும். நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை வழவழப்பாகி இறுகியிருந்தால் அதுதான் கேசட்டைத் தின்னும். முதலில் அதைப் பார்த்துவிட்டு, வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டிய பிறகே வீட்டுக் கேசட்டைத் தொட வேண்டும். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கு இரண்டையும் உடைத்துவிடுங்கள். அப்புறம் கைதவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது. சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் பக்கத்துக் குட்டி ஸ்க்ரூவை மெல்லத் திருப்பினால் பளிச்சென்று தெளியும் இடம் ஒன்று வரும். பதிந்த மிஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வுக்கு இது வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே நிறுத்தி, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள். 120 நிமிடக் கேசட்டை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டி விளையாட வேண்டாம். அதன் நாடா மிக மெல்லியது, அறுந்துவிடும்.

வால்வு ரேடியோ

சரி செய்யும் வசதியில் நம் பக்கத்துக்கு இதை அடிக்க ஆளில்லை. 1932ல் நீலகிரியிலிருந்து பைகாரா மின்சாரம் வந்தபின் கோவை மில்லும் மோட்டாரும் பம்புமாக வளர்ந்தது. அதோடு காயில் கட்டும் கைகளும் வளர்ந்தன. ஜி.டி. நாயுடு 1941லேயே ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று அறிவித்த ஊர் இது. நாயுடுவின் யு.எம்.எஸ். பெயர் போட்ட ரேடியோ கண்ணில் பட்டால் விடாதீர்கள், மர்பியையும் பிலிப்ஸையும் விட நமக்கு அது நெருக்கம்.

வால்வு ரேடியோவில் பெரிய செலவு வைப்பது டிரான்ஸ்ஃபார்மர். வேறு ஊர்க்காரர்கள் அது எரிந்தால் செட்டையே மூட்டை கட்டுகிறார்கள். இங்கே ரீவைண்டிங் கடையில் போய்க் கேட்டால், “பழசைப் பிரிச்சு சுத்து எண்ணிக் குடுத்துட்டீங்கன்னா கட்டிக் குடுத்தர்றேனுங்க” என்பார்கள். பம்பு மோட்டார் மட்டும் கட்டுபவரைவிட ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மர் கட்டிப் பழகியவரைத் தேடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் கம்பி தலைமுடி கனம்தான் இருக்கும், அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். உடைந்த குமிழையும் தண்டையும் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம்.

ஆனால் முதல் சாமானாக இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். உள்ளே 250 வோல்ட் டிசி ஓடும். கண்டெடுத்ததும் நேராக பிளக்கில் சொருகினால், காய்ந்துபோன கண்டென்சர் வெடித்து டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். பழைய பேப்பர் கண்டென்சர்களை முதலில் மாற்றி, சீரிஸ் பல்ப் வைத்து, அதாவது ஒரு குண்டு பல்பு வழியாகப் போகும்படி மாட்டித்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். இன்னொன்று, கேட்க ஸ்டேஷன் குறைந்துகொண்டே போகிறது. ஒரு காலத்தில் முள்ளை நகர்த்தினால் இலங்கை வானொலி, மத்திய அலை 999ல் கோவை வானொலி என்று கிடைத்தது. இன்று சிற்றலையில் பெரும்பாலும் இரைச்சல்தான். கிராமபோனுக்காகப் பின்னால் வைத்த பிக்கப் சொருகியில் போனை மாட்டிப் பாட்டுக் கேட்கலாம், அந்த மரப்பெட்டியின் கனமான குரலுக்காகவே அதைச் செய்யலாம்.

அதற்கும் முன்னால் செட்டின் வகையைப் பார்க்க வேண்டும். வால்வுகளின் பெயர் ஈ எழுத்தில், ஈசிஎச்81, ஈபிஎஃப்89 என்று தொடங்கி, சேசிஸ் என்னும் உள்ளே உள்ள இரும்புத் தட்டின் மேல் கனமான மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால் அது ஏசி செட். கற்றுக்கொள்ள ஏற்றது. யு எழுத்தில், யுசிஎச்81, யுஎல்84 என்று தொடங்கினால் ஏசி/டிசி செட். அதில் கரண்டைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, வீட்டு லைன் நேராக சேசிஸுக்கே வரும். பிளக்கைத் திருப்பிப் போட்டாலே இரும்புத் தட்டில் 230 வோல்ட் நிற்கும். அதில் போனை மாட்டவே கூடாது. விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும், கை நன்றாகப் பழகும்வரை யு வகை செட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.