மழையில் ஏ320 இறக்கிப் பழக த்ரஸ்ட்மாஸ்டர் சைட்ஸ்டிக்: எது கைக்கு வரும், எது வராது

த்ரஸ்ட்மாஸ்டர் டிசிஏ சைட்ஸ்டிக் ஏர்பஸ் பதிப்பையும் (விமானத்தைத் திருப்பும் கைக்குச்சி) அதன் த்ராட்டில் குவாட்ரண்டையும் (எஞ்சின் விசை லீவர்கள்) ஒரே ஒரு வேலையை வைத்து இங்கே எடைபோடுகிறோம்: கனமழையில் அப்ரோச் (ரன்வேயை நோக்கி இறங்கும் கடைசிக் கட்டம்) நிலைகுலைந்தால் என்ன ஆகும் என்பதை வீட்டில் பழக இந்த செட் போதுமா? மென்பொருள், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020. விமானம், ஃப்ளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ32என்எக்ஸ் (ஏர்பஸ் ஏ320-இன் சிமுலேட்டர் வடிவம்). காட்பாடி ஹாஸ்டல் மேஜையில் இரண்டும் தாராளமாக அடங்கும்.

பயிற்சியை வேலூருக்கு மேலேயே தொடங்கலாம். அப்துல்லாபுரம் ஓடுதளம் ஜெட்டுக்குப் போதாது, ஆகவே சென்னையின் 07 ரன்வேதான் இலக்கு. வேலூரிலிருந்து ஏறக்குறைய நேர்கோடு, சுமார் 60 நாட்டிக்கல் மைல். மைலுக்கு 300 அடி என்ற கணக்கில் கோட்டைக்கு மேல் 18,000 அடி வருகிறது. வேகம் குறைக்கவும் தூரம் வேண்டும் என்பதால் 16,000 அடியில் தொடங்கினால் நிதானமாக இறங்கலாம். நீங்கள் வேண்டுமென்றே 22,000 அடியில் வையுங்கள். வானிலையில் கனமழை, மேகத்தின் அடிப்பகுதி 800 அடி உயரத்தில், காற்று 340 பாகைத் திசையிலிருந்து, அதாவது ரன்வேக்குப் பக்கவாட்டில், 18 நாட், இடையிடையே 28.

பிரச்சினை ரன்வேக்கு 10 மைல் இருக்கும்போதே தெரிந்துவிடும். 3,000 அடியில் இருக்க வேண்டிய விமானம் 5,000 அடியில் இருக்கும். ஸ்பீடு பிரேக்கை (இறக்கைமேல் எழும் தடுப்புப் பலகைகள்) இழுத்தாலும், வேகமாக இறங்கிக்கொண்டே வேகத்தையும் குறைக்க ஜெட்டால் முடியாது. 1,000 அடியில் கணக்குப் பாருங்கள்: கியரும் (சக்கரங்கள்) லேண்டிங் ஃப்ளாப்பும் (இறக்கை மடல்கள்) இறங்கியிருக்க வேண்டும், வேகம் அப்ரோச் வேகத்துக்கு மேலே 10 நாட், கீழே 5 நாட்டுக்குள், இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது, எஞ்சின் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) கிடக்கக் கூடாது. கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. ஐடிலிலிருந்து எஞ்சின் முழு விசைக்கு வரச் சில விநாடிகள் ஆகும். தரைக்கு அருகே அந்த விநாடிகள் கிடைக்காது. இவற்றில் ஒன்று தவறினாலும் கோ-அரவுண்ட், அதாவது இறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலேறுவது. 2010 மங்களூரு, 2020 கோழிக்கோடு விபத்துகள் இரண்டிலும் நிலைகுலைந்த அப்ரோச்சைக் கைவிடாமல் தொடர்ந்தார்கள். கோழிக்கோட்டில் மழையும் சேர்ந்திருந்தது.

இந்த இடத்தில்தான் குவாட்ரண்ட் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. க்ளைம்ப் (ஏறும் விசை), ஃப்ளெக்ஸ் (குறைத்த டேக்-ஆஃப் விசை), டோகா (முழு விசை) நிலைகள் ஒவ்வொன்றும் கைக்கு அழுத்தமாகத் தட்டுப்படும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் லீவரை டோகா வரை தள்ளி, மூக்கை 15 பாகைக்குத் தூக்கி, ஃப்ளாப்பை ஒரு படி குறைத்து, ஏறுவது உறுதியானதும் கியரை மடக்கலாம். மவுஸால் இதைப் பழகவே முடியாது. முதலில் ஏ32என்எக்ஸின் ஃப்ளைபேட் (காக்பிட் டேப்லெட்) திரையில் லீவர் நிலைகளைக் காலிபரேட் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் டோகா என்று நினைத்துத் தள்ளியது ஃப்ளெக்ஸிலேயே நிற்கும்.

மாறாகத் தொடர்ந்து இறக்கினால் ஹார்ட் லேண்டிங் (தரையில் பலமாக மோதி இறங்குவது) எப்படி உருவாகிறது என்பது புரியும். நிமிடத்துக்கு 700 அடியில் இறங்கும்போது, 30 அடியிலிருந்து தரைக்கு இரண்டரை விநாடி. நிமிடத்துக்கு 1,000 அடியில் இறங்கினால் இரண்டு விநாடிகூட இல்லை. வழக்கமான உயரத்தில் ஃப்ளேர் (மூக்கைத் தூக்கி இறங்கும் வேகத்தைக் குறைப்பது) தொடங்கினால் மூக்கு எழும்புவதற்குள் சக்கரம் அடித்துவிடும். உயரத்தைச் சொல்லும் குரல் "ஐம்பது, நாற்பது, முப்பது" என்று மூச்சுவிடாமல் வந்தால், ஸ்டிக்கைச் சற்று முன்பே இழுக்க வேண்டும் என்று அர்த்தம். கண்ணாடியில் வழியும் மழைநீர் ஒளியை வளைத்து, நாம் உண்மையைவிட உயரத்தில் இருப்பதாகக் காட்டி ஏமாற்றும். அதனால் சரியான இறங்கு பாதையைக் காட்டும் கிளைட்ஸ்லோப் முள்ளையும் ரன்வே ஓரத்துப் பாபி விளக்குகளையும் நம்புங்கள்.

சைட்ஸ்டிக்கின் ஸ்பிரிங் மென்மையானது. சூறைக்காற்றில் கை தன்னையறியாமல் ஸ்டிக்கைக் கிண்டத் தொடங்கும். விமானமும் அதற்கேற்ப ஆடும். சிறிதாக அசைத்துவிட்டு நடுவுக்கு விடுங்கள், மீதியை ஃப்ளை-பை-வயர் (விமானத்தின் கணினிக் கட்டுப்பாடு) பார்த்துக்கொள்ளும். மூக்கை இடவலம் திருப்பும் ரட்டருக்காக ஸ்டிக்கை முறுக்குவதுதான் பெரிய குறை. பக்கக் காற்றில் மூக்கை ரன்வேக்கு நேராகத் திருப்பும் அதே நொடியில் இறக்கையும் சாய்ந்துவிடுகிறது. மற்ற அசைவுகளுக்கு இருக்கும் ஹால் (காந்த) சென்சார் துல்லியமும் முறுக்கும் அச்சுக்குக் கிடையாது. பக்கக் காற்று லேண்டிங்கைத் தீவிரமாகப் பழகுபவர்களுக்குத் தனி ரட்டர் பெடல் அவசியம்.

இந்த செட்டால் தர முடியாதது அதிர்ச்சி. ஏ320-க்கு 2.6 ஜி (புவியீர்ப்பின் 2.6 மடங்கு) தாண்டினால் ஹார்ட் லேண்டிங். விமானமே லோடு ரிப்போர்ட் எழுதிவிடும், ஆய்வு முடியும்வரை பறக்காது. மேஜையில் அது வெறும் எண். அதனால் யூடியூபில் கொண்டாடும், சக்கரம் பட்டதே தெரியாத 'வெண்ணெய்' லேண்டிங்கைத் துரத்தத் தோன்றும். மழையில் அது தவறான பழக்கம். மிதந்து மிதந்து இறக்கினால் ரன்வே வீணாகும், டயருக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் தங்கும். குறித்த இடத்தில் உறுதியாகச் சக்கரத்தை ஊன்றி, ஆட்டோபிரேக் மீடியத்தில், உடனே ரிவர்ஸ் (எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகம் குறைப்பது) போடுங்கள். நனைந்த ஓடுதளத்தின் வழுக்கல் சிமுலேட்டரில் முழுதாக உறைக்கவில்லை. அதை வைத்து நிற்கும் தூரத்தை மதிப்பிடாதீர்கள்.

மென்பொருளுக்குக் கணினியில் 150 ஜிபி இடம் வேண்டும், டவுன்லோடும் பெரியது, டேட்டா வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் யுபிஎஸ் இல்லாமல் உட்கார வேண்டாம். பட்ஜெட் இடித்தால் சைட்ஸ்டிக்கோடு தொடங்கி, அடுத்து குவாட்ரண்ட், பிறகு பெடல். ஃப்ளாப், ஸ்பீடு பிரேக் லீவர்களுக்கான கூடுதல் பேக் இப்போதைக்கு வேண்டாம். அவற்றை ஸ்டிக்கின் அடிப்பகுதிப் பட்டன்களில் வைத்துக்கொள்ளலாம்.