ஜெனரேட்டர் லேபர் ஏ.எம்.சி.: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

கிளினிக், பிரிண்டிங் பிரஸ், குளிர்பதன குடோன், நாலு மாடி ஆபீஸ் என்று சென்னையில் எங்கே போனாலும் கட்டடத்தின் பின்பக்கம் ஒரு சைலண்ட் ஜென்செட் நிற்கும். அதற்கு இங்கே பரவலாக விற்கப்படுவது ஸ்பேர் சேராத லேபர் ஏ.எம்.சி., அதாவது வேலைக்கூலி மட்டும் அடங்கிய வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்தான். வருஷத்துக்கு இத்தனை விசிட், அதில் ஒரு பி-செக், நடுவில் செட் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிரேக்டவுன் கால். இதில் பி-செக்குக்குத் தரும் பணம் வீண் போவதில்லை. மற்ற விசிட்கள் பெரும்பாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவதோடு சரி.

பி-செக் என்பது 15டபிள்யூ-40 ஆயில், லூப் ஃபில்டர் (ஆயில் ஃபில்டர்), டீசல் ஃபில்டர் மாற்றுவது, கூடவே ஏர் ஃபில்டர், பெல்ட், ஹோஸ், கூலன்ட் பார்ப்பது. பல இன்ஜின்களுக்கு 250 முதல் 300 மணி நேரம் என்று மேனுவலில் இருக்கும். அதோடு இத்தனை மாதத்துக்குள் என்று ஒரு கெடுவும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. “செட் ஓடவே இல்லையே, அடுத்த வருஷம் மாற்றலாம்” என்று தள்ளக் கூடாது. ஓடாமல் நிற்கும் இன்ஜினிலும் ஆயிலில் ஈரம் சேரும், பேரிங் அரிக்கும். தொழில் தெரிந்த மெக்கானிக் இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓட்டிச் சூடாக்கிய பிறகுதான் ஆயிலை இறக்குவார். கசடும் சேர்ந்து வரும். இறக்கிய ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், டீசல் வாசனை அடித்தால் இன்ஜெக்டரையோ பம்பையோ பார்க்க வேண்டும். இதைச் சொல்லாமல் ஆயிலை கேனில் ஊற்றிக்கொண்டு கிளம்புபவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். நம்ம ஊர் உப்புத் தண்ணீரில் உள்ளே படிவு கட்டி, மே மாதம் ஹை டெம்பரேச்சரில் செட் ட்ரிப் ஆகும்.

ஸ்டார்ட் ஆகாத செட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரி. விசிட்டில் நடப்பது என்னவென்றால், பேனல் மீட்டரில் 13.5 வோல்ட் காட்டுகிறது, ஷீட்டில் ‘ஓகே’ எழுதியாகிவிடுகிறது. அது சார்ஜர் கொடுக்கும் வோல்டேஜ், பேட்டரியின் நிலை அல்ல. சார்ஜரை ஆஃப் செய்து, சில மணி நேரம் விட்டுப் பார்த்தால் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 காட்ட வேண்டும். பிறகு மீட்டர் முனைகளை டெர்மினலிலேயே வைத்துக்கொண்டு கிராங்க் செய்யச் (ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றச்) சொல்லுங்கள். 9.6க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரியை நம்பி மழைக்காலத்தில் இறங்க முடியாது. இந்த கிராங்க் டெஸ்ட் இரண்டு நிமிஷ வேலைதான், கேட்டால்தான் செய்கிறார்கள்.

அடுத்த குறை, லோடு இல்லாமல் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு ‘டெஸ்ட் முடிந்தது’ என்பது. 62.5 கேவிஏ செட் 415 வோல்ட்டில் ஃபேஸுக்கு 87 ஆம்பியர் கொடுக்கும். அதில் 30 சதவீதம், அதாவது 26 ஆம்பியராவது இழுக்காமல் அடிக்கடி ஓட்டினால் டீசல் முழுசாக எரியாது. எக்ஸாஸ்ட் ஜாயின்ட்டில் கறுப்பு எண்ணெய் கசியும், உள்ளே கார்பன் படியும். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் நிஜ லோடில் ஓட்டுவதே சரி. மின்வாரியம் காலை 9 முதல் மதியம் 2 வரை பராமரிப்பு மின்தடை அறிவிக்கும் நாளில் விசிட்டை வைத்துக்கொண்டால் கரண்ட் போனதும் செட்டைத் தானே ஸ்டார்ட் செய்யும் ஏ.எம்.எஃப். பேனலும், லோடை ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவரும் தானாகவே சோதனைக்கு வந்துவிடும். கிளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸ் ஆம்பியர், வோல்டேஜ், ஹெர்ட்ஸ், ஆயில் பிரஷர், வெப்பம் எல்லாம் எண்ணாக எழுதி வாங்குங்கள். டிக் மார்க் வேண்டாம். ஹெர்ட்ஸ் மிக முக்கியம். ஜெனரேட்டர் ஓடும்போதும் யுபிஎஸ் பேட்டரியிலேயே நிற்கிறது என்றால், யுபிஎஸ்ஸைக் கழற்றுவதற்கு முன் இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைப் பாருங்கள். ஃப்ரீக்வென்சி ஊசலாடினால் யுபிஎஸ் அந்தக் கரண்டை ஏற்காது.

கரண்ட் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டருக்கு மெக்கர் (இன்சுலேஷன் டெஸ்ட்) போடுபவர், வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆரின் வயர்களைக் கழற்றிவிட்டாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். கழற்றாமல் 500 வோல்ட் செலுத்தினால் ஏவிஆர் போய்விடும், அந்தச் செலவு உங்கள் தலையில்தான். லேபர் ஒப்பந்தத்தில் ஸ்பேர் இல்லை. ஸ்பேரும் சேர்ந்த ஒப்பந்தத்தில்கூட பேட்டரி, ரேடியேட்டர், டீசல் பம்ப், ஏவிஆர் போன்றவற்றை விலக்கி வைப்பதும் உண்டு. கையெழுத்துக்கு முன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

திருவான்மியூர், ராயபுரம் மாதிரி கடலோரத்தில் ரேடியேட்டர் ஃபின்னும் கேனோபி (வெளிக்கூடு) கீலும் சீக்கிரம் அரிக்கும், அங்கே கூடுதல் விசிட் கேளுங்கள். டீசல் டேங்க்கைப் பாதியில் விடாமல் நிரப்பி வையுங்கள். டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரை ஒவ்வொரு விசிட்டிலும் திறந்து தண்ணீரை இறக்க வேண்டும்.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய செட் என்றால் இந்த லேபர் ஏ.எம்.சி. தாராளமாகப் போதும். 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சிபிசிபி 4 பிளஸ் (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை அளவு) விதிப்படி தயாரான செட்டுக்கு இது சரிப்படாது. எலக்ட்ரானிக் கன்ட்ரோலும் சென்சாரும் இருக்கும் இன்ஜினில் ஃபால்ட் கோடைப் படிக்க அந்தக் கம்பெனியின் டயக்னாஸ்டிக் டூல் வேண்டும். பல பெரிய செட்களில் டிஇஎஃப் என்ற யூரியா திரவமும் எக்ஸாஸ்ட் சுத்திகரிப்பும் சேர்ந்துகொள்கின்றன. கொஞ்சம் விலை கூடினாலும் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடமே போடுங்கள்.

புதுப்பிக்கும் மாதத்தைச் செப்டம்பராக வைத்து, பி-செக்கை முதல் விசிட்டிலேயே முடிக்கச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு எல்லா மெக்கானிக்கும் பிரேக்டவுன் காலில்தான் இருப்பார்கள்.