குட்டி யோவான் புத்தகம் வாங்கினன், அனுபவம் இதுதான்

பொக்கற் சைஸ் யோவான் சுவிசேஷம் (வேதாகமத்தில இயேசுவின்ர கதை சொல்லுற ஒரு புத்தகம்), பழைய மொழிபெயர்ப்பு. கொழும்பில ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில மூண்டு வாங்கினன். கடைப் பேர் வேண்டாம், கொஞ்சம் குறையும் சொல்லப்போறன்.

முதல் ஏன் வாங்கினன் எண்டு சொல்லோணும். வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட்டில இருக்கிற அன்ரி சைவம், வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயில், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார், ரெண்டும் தவறாது (கொழும்பில இது புதினமில்லை, செவ்வாயில அங்க எல்லாச் சமயக்காரரும் மெழுகுதிரியோட நிப்பினம்). ஒருநாள் லிஃப்ட் வேலை செய்யேல்ல, படியேறேக்க மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டா, "தம்பி, அந்தோனியாரை எனக்கு நல்லாத் தெரியும், அவர் கையில வச்சிருக்கிற பிள்ளையைப் பற்றித்தான் ஒண்டும் தெரியாது, நீங்கள் வேதக்காரர்தானே, சொல்லுங்கோவன்."

அந்தப் பிள்ளை இயேசுதான். நான் பிறந்ததில இருந்து மெதடிஸ்த கோயில், ஆனா படியில நிண்டு ஒரு வசனம் வாயில வரேல்ல.

முழு வேதாகமத்தைக் குடுத்தா பலிச் சட்டங்கள் நிறைஞ்ச லேவியராகமத்தோட மூடி வச்சிடுவா, துண்டுப்பிரசுரம் எண்டா பாதிக்கு மேல நரகம். யோவான் 21 அதிகாரம்தான். அதோட எனக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கு, 2022ல கேஸ் கியூவில நிண்ட நேரம் போனில 4ம் அதிகாரம் வாசிச்சன், மத்தியானம், களைச்சுப்போய்க் கிணத்தடியில இருக்கிற இயேசு முன்பின் தெரியாத ஒரு பொம்பிளையிட்டத் தண்ணி கேக்கிறார், எத்தினை தரம் பிரசங்கத்தில கேட்டது, அண்டைக்குத்தான் அவர் என்னைப் பாத்துக் கதைக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பொம்பிளை குடத்தை விட்டிட்டு ஊருக்க ஓடிப்போய் வந்து பாருங்கோ எண்டுறா. நான் சிலிண்டரை விட்டிட்டு ஓடேல்ல, அது வேற கதை.

சரி, புத்தகம். தாள் நல்லம், மறுபக்க எழுத்துத் தெரியேல்ல. விலை ஒரு பிளேன்ரீயும் ரெண்டு ரோல்ஸும் அளவுதான். ஆனா எழுத்து எறும்பு மாதிரி, ஸ்டேப்பிள் பின் ரெண்டும் இளகி ஒரு கிழமையில நடுத்தாள் கையோட வந்திட்டுது. பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759லேயே, ஒல்லாந்தர் காலத்தில, இதே கொழும்பில அச்சில வந்தது, இன்னுமா ஒரு பைண்டிங் சரிவரேல்ல?

கடைசிப் பக்கத்தில இயேசுவை ஏற்றுக்கொண்டேன் எண்டு பேர், திகதி, கையெழுத்துப் போட ஒரு கட்டம். எனக்குச் சரியாப் படேல்ல, வாசிக்கக் குடுக்கிறமா, கடன் பத்திரம் நீட்டுறமா? அந்தத் தாளைக் கிழிச்சிட்டுத்தான் குடுத்தன்.

மொழியிலதான் பெரிய சிக்கல். "தாகத்துக்குத்தா" எண்டு இயேசு கேக்கிற இடத்தில அன்ரிக்கு முகம் சுருங்கிட்டுது, "முன்பின் தெரியாத பொம்பிளையிட்ட இப்பிடியோ கேக்கிறது?" நான் 1995ல வந்த திருவிவிலியம் எண்ட புது மொழிபெயர்ப்பைப் போனில எடுத்துக் காட்டினன், அதில அவ தண்ணி மொள்ள "வந்தார்" எண்டு மரியாதையா இருக்கு. அதுக்குப் பிறகுதான் வாசிப்பு ஓடிச்சு. குட்டிப் புத்தகத்தையும் இந்தத் தமிழில அடிச்சு வித்தா எவ்வளவு நல்லம்.

கடை பரவாயில்லை. 100ம் நம்பர் பஸ்ஸில போய் இறங்கினா மத்தியானம் பூட்டு, போர்டில அப்பிடி ஒண்டும் இல்லை. கார்ட் மெசினும் வேலை செய்யேல்ல. காசாளர் தங்கமான பிள்ளை, ஆனா கேக்காமலே துண்டுப்பிரசுரம் ஒரு கட்டுப் பையுக்க வச்சிட்டா.

5க்கு 3 தரலாம். போன ஞாயிறு அன்ரி கீழ நிண்டு கூப்பிட்டா, "தம்பி, அந்தக் கிணத்தடிப் பொம்பிளைக்கு ஏன் பேர் போடேல்ல?" எனக்குத் தெரியேல்ல எண்டு சொன்னன். "சரி, அதை விடுங்கோ, இதில பெரிய எழுத்துப் புத்தகம் ஒண்டு வாங்கித் தாங்கோ, என்ர தங்கச்சிக்கும் ஒண்டு." திரும்ப அந்தக் கடைக்குத்தான் போகோணும், இந்தமுறை காசோட, காலமையே.